ஓடிக்கிட்டு இருக்கிற பெட்ரோல் காரை குடுத்துட்டு எலக்ட்ரிக்குக்கு மாறலாமா?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டபடி முதல்ல சொல்லிடறேன். மதுரைல அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடி, 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, இதுவரைக்கும் பெருசா தொந்தரவு குடுக்கல. மாசம் 1,100 கிலோமீட்டர் ஓடுது, அதுலயே நாகர்கோவில்ல அம்மா வீட்டுக்கு போய்ட்டு வர்ற 480ம் அடக்கம், லிட்டருக்கு 15 குடுக்குது. ஆபீஸ்ல எல்லாரும் இவி, அதாவது எலக்ட்ரிக் கார் வாங்கு, பெட்ரோல் செலவே இருக்காதுங்கறாங்க, உங்க வீட்டுக்காரர் பேட்டரி போச்சுன்னா கார் விலைல பாதி போயிடும்னு பயப்படறாரு. நீங்க கேட்டது எலக்ட்ரிக் காருக்கு மாறினா லாபமான்னு. ஆனா இதுல ரெண்டு கேள்வி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணு, இவி ஓட்ட என்ன செலவாகும்ங்கறது. இன்னொண்ணு, நல்லா ஓடற காரை தள்ளிட்டு இப்பவே வாங்கலாமாங்கறது. ரெண்டுக்கும் பதில் வேற வேற, அதனாலதான் பிரிச்சு சொல்றேன்.

நான் திருநெல்வேலில 22 வருஷமா எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் பண்றேன், வீட்டு வயரிங்தான் முக்கியமான வேலை, கடைசி அஞ்சாறு வருஷமா கார் சார்ஜருக்கு லைன் இழுத்து குடுக்கறது நிறைய வருது. நானே 2020 கடைசில ஒரு இவி வாங்கி 94,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன். அதனால கரண்ட், சார்ஜிங், ஓட்டற செலவு இதெல்லாம் என்னால அடிச்சு சொல்ல முடியும். அஞ்சாறு வருஷம் கழிச்சு பழைய இவி என்ன விலைக்கு போகும்ங்கற மாதிரி விஷயத்துல நான் சொல்றதை அனுபவம்னு மட்டும் எடுத்துக்கங்க.

முதல்ல ஓட்டற செலவு. இவில பேட்டரி அளவை கிலோவாட் ஹவர்னு போட்டிருப்பாங்க, அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஈபி பில்லுல வர்ற அதே யூனிட்தான். 35 யூனிட் பேட்டரின்னா நிரப்ப கிட்டத்தட்ட 39 யூனிட் மீட்டர்ல ஓடும், மிச்சம் சார்ஜ் ஆகறப்ப சூடா போயிடும். சின்ன எஸ்யூவி மாதிரி வண்டிக்கு மீட்டர்ல ஓடற ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர்னு வச்சுக்கங்க. இங்கதான் நிறைய பேர் தப்பு கணக்கு போடறாங்க. யூனிட் நாலரை ரூபா, அப்ப கிலோமீட்டருக்கு 70 பைசான்னு யூடியூப்ல சொல்வாங்க. நம்ம ஊர்ல வீட்டு கரண்ட் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்லாப் கணக்கு, அதாவது யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும், காருக்கு போற யூனிட் எல்லாம் நீங்க ஏற்கனவே எரிக்கற யூனிட்டுக்கு மேல போய் உக்காரும், அதாவது விலை ஜாஸ்தியான ஸ்லாப்ல. உங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட் வருதுன்னு சொல்லியிருக்கீங்க. கார் வந்தா வீட்டுல சார்ஜ் போடறது ரெண்டு மாசத்துக்கு ஒரு 280 யூனிட் ஆகும், மொத்தம் 660. 500 தாண்டின உடனே 101ல இருந்து 200 வரைக்கும் இருந்த ரெண்டே கால் சொச்ச ரூபா சலுகை ரேட்டும் போயிடும், 500க்கு மேல எட்டரை ரூபா ஒட்டி, 600க்கு மேல ஒன்பதரை ஒட்டி. போட்டு பாத்தா உங்க பில்லு சுமார் 1,080ல இருந்து 3,500 பக்கம் ஏறும். அந்த 2,400 ரூபாயை 280ஆல வகுத்தா காருக்கு போற யூனிட் ஒண்ணு எட்டரை ரூபா. இதோட நாகர்கோவில் போறப்ப வழில ஃபாஸ்ட் சார்ஜர்ல ஏத்தறதுக்கு ஜிஎஸ்டியோட யூனிட் 20, 22 ரூபா ஆகுது, அது ரெண்டு மாசத்துக்கு ஒரு 1,500. ஆக மொத்தம் மாசம் 2,000 ரூபாய்க்குள்ள முடியும். இப்ப நீங்க பெட்ரோலுக்கு மாசம் 7,400 குடுக்கறீங்க. அப்ப மாசம் 5,400 மிச்சம். யூடியூப் சொல்ற அளவு இல்லைன்னாலும் இது நிஜமான காசு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வாங்க. உங்க தேவைக்கு 35 யூனிட்டுக்கு குறையாம பேட்டரி வேணும், அந்த மாதிரி வண்டி ரோட்டுக்கு வர 13, 14 லட்சம் ஆகும். உங்க பழைய வண்டிக்கு மூணு, மூணரை லட்சம் கெடைச்சாலும் மேல பத்து லட்சத்துக்கு மேல போடணும். அதுல ஒரு 9 லட்சம் லோன் போட்டு, 9 சதவீத வட்டி, ஏழு வருஷம்னா மாசத் தவணை 14,500. மிச்சமாகறது 5,400. இதை எந்தப் பக்கம் திருப்பி போட்டாலும் ஒத்து வராது. பெட்ரோல் மிச்சம் பண்றதுக்காக மட்டும் ஓடற காரை மாத்தாதீங்கன்னு நான் கேக்கற எல்லாருக்கும் சொல்றது இதனாலதான். எப்படியும் புது கார் வாங்கப்போறோம், பெட்ரோலா இவியான்னு நிக்கறப்பதான் இந்த 5,400க்கு அர்த்தம் வரும். அப்ப ரெண்டுக்கும் ரோட்டு விலைல ரெண்டு ரெண்டரை லட்சம் வித்தியாசம் இருந்தா உங்க ஓட்டத்துக்கு நாலு வருஷத்துல எடுத்துடலாம். மாசம் 400, 500 கிலோமீட்டர் ஓட்டறவங்களுக்கு அதுவே எட்டு ஒன்பது வருஷம் ஆகும், அவங்களுக்கு நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன்.

விலை வித்தியாசத்தைப் பத்தி இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சது, முன்னாடி 28க்கு மேல செஸ் வேற. இவிக்கு 2019 ஆகஸ்ட்ல இருந்தே 5 சதவீதம்தான், அதுல மாற்றம் இல்ல. அதனால பழைய வீடியோல சொல்ற விலை ஒப்பீடு எல்லாம் இப்ப செல்லாது, பெட்ரோல் காருக்கு சாதகமா கொஞ்சம் நகந்திருக்கு. நம்ம மாநிலத்துல இவிக்கு பெரிய பலம் லைஃப் டாக்ஸ், அதாவது வண்டி பதியறப்ப மொத்தமா கட்டற ரோடு டாக்ஸ், அதுல இருக்கற விலக்குதான். 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு 2023 நவம்பர்ல இருந்து 18 சதவீதம் வரி, 12 லட்ச ரூபா பெட்ரோல் கார்னா அதுவே ரெண்டு லட்சம் தாண்டும். ஆனா இந்த விலக்கு நிரந்தரம் கெடையாது, தேதி போட்டு குடுத்து அப்பப்ப நீட்டிக்கறாங்க, அதனால ஷோரூம்ல கொட்டேஷன் வாங்கறப்ப லைஃப் டாக்ஸ் வரில பூஜ்யம் இருக்கான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. இன்னமும் சில பேர் இவி லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் இன்கம் டாக்ஸ் கழிவு உண்டுன்னு சொல்வாங்க, அது 2023 மார்ச் 31க்குள்ள சேங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான், அதை நம்பி கணக்கு போடாதீங்க.

சரி, காசு கணக்கை விடுங்க. உங்க விஷயத்துல முடிவு பண்ணப்போறது உண்மையில ராத்திரி கார் நிக்கற எடத்துல உங்க மீட்டர்ல இருந்து வந்த ஒரு பிளக் பாயிண்ட் இருக்கா இல்லையாங்கறதுதான். அது இருந்தா இவி மாதிரி நிம்மதி வேற எதுலயும் இல்ல, செல்போன் மாதிரி ராத்திரி சொருகிட்டு தூங்கப் போயிடலாம். அது இல்லாம வெளில சார்ஜர் தேடி வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு மணி நேரம் காத்து கெடக்கறவங்களை பாத்திருக்கேன், ஆறு மாசத்துல வெறுத்துடறாங்க, செலவும் ரெண்டரை மடங்கு. உங்க அபார்ட்மெண்ட்ல அசோசியேஷன் யோசிக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. மத்திய மின்சார அமைச்சகம் 2024ல புதுப்பிச்சு விட்ட வழிகாட்டுதல்லயே வீட்டுல இருக்கற கனெக்ஷனை வச்சே சொந்த வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கலாம்னு தெளிவா இருக்கு, அதை பிரிண்ட் எடுத்துட்டு போங்க. ஆனா சட்டம் பேசறதை விட, எங்க மீட்டர்ல இருந்துதான் போகுது, பொது கரண்ட் ஒரு யூனிட் தொட மாட்டோம், தனி பிரேக்கர் போடறோம்னு வரைபடமா வரைஞ்சு காட்டினா பெரும்பாலும் ஒத்துக்கறாங்க, நான் அப்படித்தான் நாலஞ்சு எடத்துல வாங்கி குடுத்தேன்.

வயரிங்ல கஞ்சத்தனம் வேண்டாம்னு கும்பிட்டு கேட்டுக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி பாளையங்கோட்டைல ஒரு வீட்டுல இருந்து ராத்திரி பதினொன்றரைக்கு போன், கார் பக்கத்துல ஏதோ கருகற வாடை வருதுன்னு. போய் பாத்தா சாதாரண பவர் பிளக், ஏசிக்கு போட்ட பழைய லைன்ல இருந்து எடுத்தது. மூடிய கழட்டினா நியூட்ரல் முனைல ஸ்க்ரூ அரை சுத்து லூஸ், வெள்ளை பிளாஸ்டிக் டீ கலர்ல மாறி, வயரோட இன்சுலேஷன் விரல் வச்சா பொடியா உதிருது. அவங்களுக்கு புரியல, இதே பாயிண்ட்ல கீசர் போட்டோமே ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டாங்க. கீசர் பத்து நிமிஷத்துல கட் ஆயிடும், கார் அதே 15 ஆம்பியரை ஒன்பது பத்து மணி நேரம் நிறுத்தாம இழுக்கும், வித்தியாசம் அங்கதான். மீட்டர் போர்டுல இருந்து பார்க்கிங் வரைக்கும் தனியா 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், நல்ல கம்பெனி இண்டஸ்ட்ரியல் சாக்கெட், 20 ஆம்பியர் ஆர்சிபிஓ (கரண்ட் கசிஞ்சாலோ லோடு கூடினாலோ தானா கட் பண்ற பிரேக்கர்), அது சாதாரண டைப்பா இல்லாம ஏ டைப்பா இருக்கணும். 7 கிலோவாட் வால் சார்ஜர்னா 6 ஸ்கொயர் எம்எம்க்கு குறையக் கூடாது, ஈபில வீட்டுக்கு அனுமதிச்ச லோடை ஏத்தி எழுதி வாங்கணும். மாசம் 1,100 ஓட்டற உங்களுக்கு 3.3 கிலோவாட் போதும்ங்கறது என் அபிப்ராயம், பத்து மணிக்கு போட்டா காலைல ஆறு மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல ஏறியிருக்கும்.

எர்த்திங்கும் அப்படித்தான். எர்த் சரியில்லைன்னா சார்ஜர் பாக்ஸ்ல சிவப்பு லைட் எரிஞ்சு சார்ஜ் ஏறவே ஏறாது, அது கோளாறு இல்ல, உங்க உயிரை காப்பாத்த வச்சிருக்கறது. கோடைல எர்த் குழி காஞ்சு போய் இந்த கம்ப்ளெயிண்ட் நெறைய வரும், ரெண்டு குடம் தண்ணி ஊத்தினா சரியாயிடும், நிரந்தரமா சரி பண்ண புது குழிதான் எடுக்கணும். சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால சேத்து விட்டு சார்ஜ் ஏறுது பாருங்கன்னு காட்டிட்டு போயிடுவாங்க. தயவு செஞ்சு விடாதீங்க. எங்கயாவது நியூட்ரல் அறுந்தா கார் பாடி முழுக்க 230 வோல்ட் நிக்கும், கதவை தொடற குழந்தைக்கு அடிக்கும்.

அடுத்தது நாகர்கோவில். சர்டிஃபிகேட்ல போட்டிருக்கற ரேஞ்சுல, அதாவது ஒரு முழு சார்ஜ்ல ஓடற தூரத்துல, மூணுல ரெண்டு பங்குதான் ரோட்டுல கெடைக்கும்னு வச்சுக்கங்க. என் வண்டி 30 யூனிட் பேட்டரி, பேப்பர்ல 312, புதுசுல எனக்கு கெடைச்சது 200 ஒட்டி, இப்ப அஞ்சு வருஷத்துக்கு அப்பறம் 180, 185. நாலுவழிச் சாலைல 80ல போனா ஒரு மாதிரி, 100ல போனா காத்து தடுக்கற விசை ஒன்றரை மடங்கு ஆயிடும், ரேஞ்ச் கண்ணு முன்னாடியே குறையும். உங்க ரூட்டுல ஒரு விஷயம் வெளியூர்க்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனி, ஆடில வள்ளியூர் தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி கணவாய்க்குள்ள போறப்ப மேற்க இருந்து வர்ற காத்து நேரா மூஞ்சில அடிக்கும், ரெண்டு பக்கமும் அத்தனை காத்தாடி சும்மா நிக்கல. முதல் வருஷம் ஜூலைல திருநெல்வேலில இருந்து கெளம்பினேன், வழக்கமா பேட்டரில ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் காட்டற டிஸ்ப்ளே அங்க 4.8க்கு இறங்கிடுச்சு, மீதி 60 கிலோமீட்டர்னு இருந்தது கால் மணி நேரத்துல 35ன்னு வந்து நிக்குது, ஏசிய அணைச்சுட்டு 60ல ஊர்ந்து போய் சேந்தேன். திரும்பி வர்றப்ப அதே காத்து முதுகுல தள்ளி எட்டரை குடுத்துச்சு. பெட்ரோல் கார்ல இதே நடந்திருக்கும், நாம கவனிச்சிருக்க மாட்டோம், அவ்ளோதான். அதனால உங்களுக்கு மதுரைல முழு சார்ஜோட கெளம்பி, கோவில்பட்டிலயோ திருநெல்வேலிலயோ டிபன் சாப்பிடற நேரத்துல 35, 40 நிமிஷம் ஏத்திக்கறதுதான் சரியா வரும். 80 சதவீதத்துக்கு மேல ஃபாஸ்ட் சார்ஜர் வேகம் ரொம்ப குறைஞ்சுடும், அங்க நின்னு 100 ஆக்கறது நேரத்துக்கு கேடு. மூணு கம்பெனி ஆப்பாவது போன்ல வச்சு ஒவ்வொண்ணுலயும் இருநூறு முன்னூறு போட்டு வைங்க, ஒரு சார்ஜர் கெட்டுப் போயிருந்தா அடுத்ததுக்கு போகணும். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும் வரிசை இருக்கும், விடிகாலைல கெளம்பிடுங்க. இதை விட முக்கியம் அம்மா வீட்டுல ஒரு நல்ல 16 ஆம்பியர் பாயிண்ட் தனி லைன்ல போட்டு குடுக்கறது. ராத்திரி தங்கறப்ப அங்கயே நிறைஞ்சுடும், திரும்பறப்ப வழில நிக்கற நேரம் பாதியாயிடும்.

உங்க வீட்டுக்காரர் பயம் நியாயமானதுதான், அதை சிரிச்சு தள்ளாதீங்க. ஆனா எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டிங்கறது இப்ப நம்ம ஊர் இவிங்கள்ல சாதாரணமா இருக்கு, சில கம்பெனிங்க அதுக்கு மேலயும் குடுக்கறாங்க. நிறைய மாடல்ல எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி, அது மத்த லித்தியம் வகைய விட சூட்டை தாங்கும், தீப்பிடிக்கற வாய்ப்பும் கம்மி. அஞ்சு வருஷத்துல என்னோடது பத்து சதவீதத்துக்குள்ள எறங்கியிருக்கு, அதுவும் நெல்லை வெயில்ல. வாரண்டிக்குள்ள பேட்டரி மொத்தமா போறது உங்க செலவு இல்ல. வாரண்டி முடிஞ்ச பத்தாவது பன்னெண்டாவது வருஷம் எப்படி இருக்கும்ங்கறதுக்கு நம்ம நாட்டுல போதுமான அளவு வண்டி இன்னும் அந்த வயசுக்கு வரல, அதுதான் உண்மை. வாரண்டி தாள்ல எத்தனை சதவீதத்துக்கு கீழ எறங்கினா மாத்தி தருவோம்னு எழுதியிருக்காங்கன்னு படிச்சு பாருங்க, செகண்ட் ஓனருக்கு அது மாறுமான்னும் பாருங்க.

ரீசேல்தான் எனக்கு கவலையான எடம். 2024 பிப்ரவரில டாடா நெக்ஸான் இவி விலையை 1.2 லட்சம் வரைக்கும் குறைச்சாங்க, புதுசா வாங்கறவங்களுக்கு நல்ல சேதி, முந்தின மாசம் வாங்கினவங்க வண்டி மதிப்பு ஒரே நாள்ல எறங்குச்சு. புதுசு புதுசா பெரிய பேட்டரியோட வர வர பழசு விலை போகாது. அதனால மூணு வருஷத்துல மாத்தற பழக்கம் உள்ளவங்க இதுல கைய சுட்டுக்குவாங்க, எட்டு வருஷம் வச்சு ஓட்டறவங்களுக்கு பரவாயில்ல.

மத்த செலவெல்லாம் சின்னது. சர்வீஸ் கம்மி, பிரேக் பேட் எனக்கு இன்னும் ஒரு தடவை கூட மாத்தல. டயர் மட்டும் வெயிட்டாலயும் பிக்கப்பாலயும் சீக்கிரம் தேயும், 38,000லயே மாத்தினேன். உள்ள ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் இருக்கு, அது செத்தா பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் கார் கண்ணை முழிக்காது, மூணு வருஷத்துல மாத்திடுங்க. இன்ஷூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டிக்கு 15 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆனா வண்டி மதிப்பு ஜாஸ்திங்கறதால மொத்த பிரீமியம் கூடத்தான் வரும். பேட்டரிக்கு தண்ணி புகுந்தா கவர் ஆகற ஆட்-ஆன் கட்டாயம் போடுங்க, 2023 டிசம்பர்ல எங்க ஊர்லயும் தூத்துக்குடிலயும் வந்த வெள்ளத்தை பாத்தவன் சொல்றேன்.

ஆக உங்க காரை இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுங்க, அதுக்குள்ள கிளட்ச், சஸ்பென்ஷன்னு பெரிய செலவு ஏதாவது வந்து நின்னா அன்னிக்கு இவிய பாருங்க. அந்த ரெண்டு வருஷத்துல 14,500 தவணைக்கு பதிலா ஒரு பத்தாயிரத்தை மாசாமாசம் ஒதுக்கி வச்சா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் கைல இருக்கும், லோனும் அந்த அளவுக்கு குறையும். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, காசு செலவில்லாதது. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டேப் எடுத்துட்டு கீழ போய் மீட்டர் போர்டுல இருந்து உங்க பார்க்கிங் வரைக்கும் சுவர் ஓரமா எத்தனை மீட்டர் வருதுன்னு அளந்து, வழில லிஃப்ட் ரூம், தண்ணி தொட்டி எது குறுக்க வருதுன்னு குறிச்சு, மீட்டர் போர்டை ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸான்னும் சொல்லுங்க. வயர், பைப், பிரேக்கர் என்ன என்ன வாங்கணும்னு நான் எழுதித் தரேன்.